கை வராத நேரம்

சித்திரை முடிந்தும் மழை இறங்காத ஒரு வருஷம். சோளத்தட்டுப் போர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. தீவனம் விலைக்கு வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகாது என்று என் அம்மாவைப் பெற்ற அம்மாயி நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் மாட்டுத் தரகர் வந்தார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடித்தார்கள். பணம் தாத்தாவான அப்புச்சியின் மடிக்குப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்பவர் கயிற்றை விற்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு வீட்டிலேயே தங்கிவிடும். கயிற்றோடு கொடுத்தால் மாடு கட்டுகிற கட்டுத்தாரையின் ராசியும் கூடவே போய்விடும் என்பார்கள். தரகரின் தோளில் மஞ்சள் தடவிய புதுக்கயிறு தொங்கியது. அப்புச்சி மாட்டின் கழுத்தருகே போய்ப் பழைய கயிற்றின் முடிச்சில் கையை வைத்தார். வைத்த கை வைத்தபடி இருந்தது. கத்தாழை நாரில் அவரே திரித்த கயிறு அது. மாடு தேய்த்துத் தேய்த்து ஒரு புரி அறுந்து, நார் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அந்த நாரை அவர் விரல் நீவிக்கொண்டிருந்தது.

“என்னுங்க, ரோசனையாட்டம் இருக்குது?” என்றார் தரகர்.

“ரோசனையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கைதான் வரமாட்டீங்குது.”

தரகர் அவசரப்படவில்லை. புதுக்கயிற்றைத் தோளிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். “ஒரு சொம்பு மோர் குடுங்கம்மா” என்று உள்ளே பார்த்துக் கேட்டார். மோர் வந்தது, குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். பக்கத்து ஊரில் யாரோ ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் வராத கதையைச் சொன்னார். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். அப்புச்சி தானாகவே முடிச்சை அவிழ்த்தார். மாடு போயிற்று.

எனக்கு அப்போது பத்து வயது. விற்கிறதென்று முடிவு செய்து, பணமும் வாங்கிய பிறகு ஒருவருக்குக் கை ஏன் வராமல் போகிறது என்பது விளங்கவில்லை. அந்தக் கேள்வியோடு பிற்பாடு அகராதிகளிலும் பழைய பாட்டுகளிலும் நெடுநாள் அலைந்தேன். தயக்கம் என்று இன்று நாம் சொல்கிற ஒன்றுக்குத் தமிழ் எவ்வளவு பெரிய இடத்தை ஒதுக்கி வைத்திருந்தது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த இடத்தை நாம் எவ்வளவு சுருக்கிவிட்டோம் என்பதும் தெரிந்தது.

*

அப்புச்சி தயக்கம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அது எழுத்திலும் மேடையிலும் புழங்குகிற சொல். வீட்டுப் பேச்சில் அந்த இடத்துக்கு உடம்பு வந்துவிடும். மனசு வரலை, கை வரலை, கால் எழலை, வாய் வரலை. பொய் சொல்ல நாக்குக் கூசும். பிள்ளையை அடிக்க ஓங்கிய கை கூசும்.

இந்த வாக்கியங்களில் நான் எழுவாயாக வருவதில்லை. ‘எனக்குக் கை வரலை’ என்கிறோம். எழுவாய் கைதான். நான் அதற்குப் பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவே. முடிவெடுத்தவன் நானாக இருக்கலாம், ஆனால் கைக்கும் ஒரு சொல் இருக்கிறது. செய்யத் தகாததைச் செய்யப் போகிறவனை அவனுடைய உறுப்பே பிடித்து நிறுத்தும் என்று இந்த மொழியைப் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருக்கிறார்கள். ‘இப்படிச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்தது?’ என்று ஒருவரைக் கேட்கும்போது, உன் நாக்காவது வர மறுத்திருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறோம். மனசாட்சி என்ற வடசொல்லை அறியாத பாட்டியும் நாக்குக் கூசுவதை அறிந்திருந்தாள்.

வட்டாரந்தோறும் இதற்கு வேறுவேறு சொல் உண்டு. கொங்கு நாட்டின் ரோசனை, யோசனை என்ற சொல்லின் திரிபு. ஆனால் ‘ரோசனையா இருக்குது’ என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருளில்லை. கணக்கு முடிந்துவிட்டது, மனசுதான் ஒப்பவில்லை. நெல்லைப் பக்கம் சடைவு என்பார்கள். அதில் உடம்பின் அசதி கலந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பஞ்சி. ‘எழும்பப் பஞ்சியாக் கிடக்கு’ என்பதில் சோம்பலும் விருப்பமின்மையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடக்கின்றன. இவற்றோடு அரைமனசு, வேண்டாவெறுப்பு. அரைமனசில் இன்னும் பாதி மனசாவது கூட வருகிறது. வேண்டாவெறுப்பில் கை மட்டும் வேலை செய்கிறது, மனசு எப்போதோ எழுந்து போய்விட்டது. ஒருவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று கவனித்தால், அவர் எவ்வளவு தூரம் நம்மோடு இருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

*

தயங்கு என்ற வினை ஆதியில் மனிதரைப் பற்றியதாகவே தெரியவில்லை. சங்கப் பாடல்களில் கடலின் அலை தயங்கும். எழுந்து, மடங்கி, மறுபடி எழுகிற அசைவுக்கு அந்தப் பெயர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் இந்தச் சொல்லுக்கு விளங்குதல், அசைதல், கலங்குதல் எல்லாம் பொருளாக நிற்கின்றன. கடற்கரையில் காலை வெயிலில் நின்று பார்த்தவருக்கு இதில் முரண் தோன்றாது. நீர் அசைகிற இடத்தில்தான் ஒளி மின்னுகிறது, கலங்கலும் அங்கேதான். பின்னால் வந்தவர்கள் அந்த அசைவை உள்ளத்துக்கு ஏற்றினார்கள். கரைக்கு வந்து தொட்டுவிட்டுத் திரும்பும் அலைபோல மனசு ஒன்றைத் தொட்டுத் தொட்டுத் திரும்புவது தயக்கம் ஆயிற்று.

தூங்கு என்ற வினையும் இதே வழியில் நடந்து வந்ததுதான். அதன் பழைய பொருள் தொங்குதல், ஊசலாடுதல். பனைமட்டையில் கூடு கட்டித் தொங்கவிடுகிற தூங்கணாங்குருவியின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் அந்தச் சொல்லைக் காலம் தாழ்த்துவதற்கு ஆள்கிறார். 672ஆம் குறள். தாழ்த்திச் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு, அவற்றைத் தாழ்த்தியே செய்ய வேண்டும் என்பது அதன் முதற்பாதி. தாழ்த்தக் கூடாததில் தாழ்த்தாதே என்பது பிற்பாதி. முதற்பாதியை நாம் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. சோம்பலைக் கடிந்து மடியின்மை என்று ஓர் அதிகாரமே எழுதியவர், நின்று செய்வதற்கும் இடம் விட்டிருக்கிறார்.

ஆனால் அப்புச்சியின் கையை இந்தக் குறளால் காப்பாற்ற முடியாது. அவருக்கு எதிராக 467ஆம் குறள் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத் துணிய வேண்டும், துணிந்துவிட்ட பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு. அப்புச்சி துணிந்து, விலை பேசி, பணம் வாங்கி, அதன் பிறகுதான் நின்றார். வள்ளுவரின் தராசில் அது குறைதான். அதை நிறுக்கிற இன்னொரு தராசு தொல்காப்பியரிடம் இருந்தது.

*

அகத்திணையில் செலவழுங்கல் என்று ஒரு துறை உண்டு. செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியைப் பிரிய மாட்டாமல் நின்றுவிடுவது. அழுங்கு என்பதுதான் அங்கே வினை. வருந்துதல், தவிர்தல் இரண்டும் அதற்குப் பொருள். வருத்தத்தால் ஒன்றைச் செய்யாமல் நிற்கிற அந்த நிலைக்கு ஒரே சொல் இருந்திருக்கிறது. இன்று அழுங்கு என்றால் தொட்டதும் சுருண்டுகொள்ளும் எறும்புதின்னியைத்தான் சிலர் நினைப்பார்கள். வினை பேச்சிலிருந்து போய்விட்டது.

செலவழுங்கலைப் பற்றித் தொல்காப்பியர் கற்பியலில் சொல்வது எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று. புறப்படும்போது இப்படி நின்றுவிடுவது போகாமை ஆகாது என்கிறார். அவளைத் தேற்றி வற்புறுத்துவதற்காக எடுத்துக்கொள்ளும் இடைநிறுத்தம் அது என்கிறார். இலக்கணம் எழுதுகிற ஒருவர் இவ்வளவு நுட்பமாக ஒரு மனநிலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். தயங்குகிறவர் மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. ஏற்றுக்கொண்டார் என்றும் எடுத்துக்கொள்ளாதே. அவர் நிற்பது இன்னொருவருக்காக. போகத்தான் போகிறார், ஆனால் அந்த இன்னொருவரைத் தேற்றாமல் போக மாட்டார்.

பத்துப்பாட்டில் ஒரு முழுப்பாட்டே இந்த நிற்றலுக்காக எழுதப்பட்டிருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடி. காவிரிப்பூம்பட்டினத்தின் வளம், கடைத்தெரு, துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகள், கரிகாலனின் வெற்றிகள் என்று ஊரும் உலகமும் அதில் விரிகின்றன. அத்தனையையும் சொல்கிறவன் ஒரு தலைவன். அவன் தன் நெஞ்சிடம் பேசிக்கொண்டிருக்கிறான். இந்தப் பட்டினமே எனக்குக் கிடைப்பதானாலும் இவளை விட்டுவிட்டு உன்னோடு வரமாட்டேன் என்பதுதான் பாட்டின் உயிர். அந்த வரமாட்டேனுக்குப் புலவர் போட்ட சொல் ‘வாரேன்’. பழந்தமிழில் அது எதிர்மறை. இன்று எங்கள் ஊரில் வாசற்படி இறங்குகிறவர்கள் ‘வாரேனுங்க’ என்கிறார்கள், திரும்பி வருவேன் என்ற பொருளில். போகிறேன் என்று சொல்ல வாய் வராத ஊர் அது. அன்றைய சொல்லில் போகாதவனின் மனசும், இன்றைய சொல்லில் போகிறவரின் மனசும் ஒன்றாகவே எனக்குக் கேட்கின்றன.

அந்தத் தலைவனை நெஞ்சு முன்னே இழுத்தது, அவன் நின்றான். இன்று நமக்கு உடம்பு போய்விடுகிறது, மனசு வரமாட்டேன் என்கிறது. யார் முன்னே, யார் பின்னே என்பதுதான் மாறியிருக்கிறது. மனசு என்பது நம்மோடு வழிநடக்கிற இன்னொரு ஆள் என்ற எண்ணம் மாறவில்லை.

நற்றிணை 284ஆம் பாட்டில் இந்த இருவரின் இழுபறி வேறோர் இடத்தில் நடக்கிறது. தலைவன் ஏற்கனவே காட்டு வழியில் இருக்கிறான். திரும்பிப் போய் அவள் துயரைத் தீர்ப்போம் என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் அறியாமையும் இழிவும்தான் மிஞ்சும், அவசரப்படாதே என்கிறது அறிவு. இரண்டுக்கும் நடுவே அவன் உடம்பு. இரண்டு யானைகள் இரு முனையிலும் பற்றி இழுக்கிற, புரி தேய்ந்த பழைய கயிறு அது. இந்த உவமையை எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவர் சொன்ன உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள்: தேய்புரிப் பழங்கயிற்றினார். தயக்கத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஒருவருக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை.

அந்தப் பாட்டை முதன்முதலில் படித்தபோது கட்டுத்தாரையில் அப்புச்சியின் விரலுக்கடியில் சிலிர்த்து நின்ற நார்தான் என் கண்ணில் வந்தது. புரி என்ற சொல்லை நான் அவரிடம்தான் கற்றிருந்தேன். தொடைமேல் வைத்து நாரைத் திரிக்கும்போது, ஒரு புரி தளர்ந்தால் கயிறே போச்சு சாமி என்பார். எடுத்த முடிவு ஒரு பக்கம் இழுக்க, எட்டு வருஷம் கறந்த மாடு இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் நின்றது அவர் கை. அது குறையா என்று கேட்டால், இல்லை என்பேன். அந்த அரை மணி நேரம் அவர் மாட்டுக்குக் கொடுத்தது.

*

இதுவரை சொன்னவற்றில் நின்றவர்கள் ஆண்கள். ஆணின் தயக்கத்துக்குத் துறை இருந்தது, பெயர் இருந்தது, 301 அடியில் பாட்டு இருந்தது. பெண்ணின் தயக்கம் என்ன ஆயிற்று?

அச்சம், நாணம், மடம் மூன்றும் பெண்ணுக்கு உரியவை என்று அதே தொல்காப்பியத்தின் களவியல் சொல்கிறது. அந்த நாணம் என்ற சொல் பிற்காலத்தில் ஒரு பெரிய போர்வையாகிவிட்டது. பெண் தலை குனிந்தால் நாணம், பேசாமல் நின்றால் நாணம், கண் கலங்கினாலும் நாணம். போர்வைக்குள் இருப்பது என்னவென்று தூக்கிப் பார்ப்பவர் குறைந்துபோனார்கள்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. அவளைப் பெண் பார்க்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காப்பித் தட்டைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். வந்தவர்களில் பெரியவர் ஒருவர், “என்னம்மா, புடிச்சிருக்குதா?” என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல்நுனி வெளுத்துப் போயிருந்தது. மூன்று நான்கு நொடி இருக்கும். “வெக்கப்படறாள்” என்று ஓர் அத்தை சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தாம்பாளம் மாறியது. மௌனம் சம்மதம் என்று நம்மிடம் ஒரு வாசகம் இருக்கிறதே, அது இத்தனை வேகமாக வேலை செய்வதை அன்று பார்த்தேன்.

பல வருஷம் கழித்து அக்காவே சொன்னாள்: “எனக்கு ரோசனையா இருக்குதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். இன்னொரு நிமிஷம் குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்.” அவள் வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை அவள் மறக்கவில்லை. அமைந்ததும் அமையாததும் வேறு கணக்கு. கேட்கப்படாமல் போனது கேட்கப்படாமல் போனதுதான்.

பழையவர்களுக்கு இதுவும் தெரிந்திருந்தது. நற்றிணை 12, கயமனார் பாட்டு. தலைவி தலைவனோடு உடன்போகச் சம்மதித்துவிட்டாள். விடிகிற நேரம். ஆய்ச்சி தயிர் கடைகிற ஓசை கேட்கிறது. கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்துபோன மத்து, விளாம்பழம் மணக்கும் தயிர்ப்பானை. அவள் யாருக்கும் தெரியாமல் காற்சிலம்பைக் கழற்றுகிறாள். அதைத் தன் பந்தோடு சேர்த்து வைக்கப் போகும்போது ஒரு நினைப்பு வருகிறது. இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் தோழிகள் என்ன பாடுபடுவார்கள், பாவம். இதைத் தோழி போய்த் தலைவனிடம் சொல்கிறாள்: உன்னோடு வர அவள் விரும்பத்தான் செய்தாள், ஆனால் அவள் வசத்தில் இல்லாமல் கண்கள் அழுதுவிட்டன.

இங்கேயும் உறுப்புத்தான் எழுவாய். அப்புச்சிக்குக் கை வரவில்லை, இவளுக்குக் கண் கேட்கவில்லை. இந்தப் பாட்டில் தோழி செய்வதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அவள் அழுகையைப் பார்த்துவிட்டு, வெட்கம் என்று சிரிக்கவில்லை. விருப்பமில்லை என்று தானாக முடிவுகட்டவும் இல்லை. வர விரும்புகிறாள், அழவும் செய்கிறாள் என்று இரண்டையும் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். தயக்கம் என்பது வாயால் முழுதாகச் சொல்ல முடியாத ஒன்று. சொல்ல முடிந்துவிட்டால் அது மறுப்பாகவோ இசைவாகவோ ஆகிவிடும். ஆகவே பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் அதைப் படித்தாக வேண்டும். அக்கா நின்ற கதவோரத்தில் அப்படி ஒருவர் இல்லை. நானும் அங்கேதான் இருந்தேன். விரல்நுனி வெளுத்ததைப் பார்த்தவன் நான். பதினான்கு வயது. பேசாமல் இருந்துவிட்டேன்.

தரகர் படித்தார். வாங்க வந்தவருக்கு நேரம் காசு. மாடு வேறு ஊருக்கு நடந்து போயாக வேண்டும். ஆனாலும் அவர் அப்புச்சியின் கையைப் பார்த்தார், திண்ணையில் உட்கார்ந்தார், மோர் கேட்டார். பணம் கொடுத்தாயிற்றே என்று சொல்லவில்லை. வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அப்புச்சியின் தயக்கத்தை அவர் பறித்தவராகியிருப்பார். தொல்காப்பியர் சொன்ன அந்த இடைநிறுத்தத்தை, அவரைப் படித்திராத ஒரு மாட்டுத் தரகர் ஒரு சொம்பு மோரைக் குடித்துக் காத்துக் கொடுத்தார்.

தயங்காதே என்று சொல்வது இன்று நமக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூட மேடையில் சொல்கிறோம், நேர்காணலுக்குப் போகிற பிள்ளையிடம் சொல்கிறோம், கடை விளம்பரமும் அதையே சொல்கிறது. கேட்கவேண்டியதைக் கேட்க அஞ்சி நிற்பவருக்கு அந்தச் சொல் வேண்டியதுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாத் தயக்கத்துக்கும் அந்த ஒரே மருந்தைக் கொடுக்கிறோம். நின்றுபோன கைக்கு, வெளுத்த விரல்நுனிக்கு, தன் வசமில்லாமல் அழுத கண்ணுக்கு அது மருந்தாகாது. அவற்றுக்கு வேண்டியது நேரம். பக்கத்தில் உட்காருகிற ஓர் ஆள்.

*

மாடு போன பிறகு அப்புச்சி அந்தக் கயிற்றை எறியவில்லை. சுருட்டிக் கட்டுத்தாரை ஆணியில் மாட்டினார். அவர் போன பிறகும் பல வருஷம் அது அங்கேயே தொங்கியது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. நல்ல இடம், படித்த பையன், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் வரச் சொல்லலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவளைக் கேட்டார்கள். அவள் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தெரியல மாமா” என்றாள்.

கூடத்தில் ஒரு குரல், “இதுல தெரியறதுக்கு என்ன சாமி இருக்குது?” என்று தொடங்கியது. அடுக்களை வாசலில் நின்றிருந்த அக்கா அதற்கு மேல் யாரையும் பேசவிடவில்லை.

“இருங்க, மோர் கலக்கிக் கொண்டாரேன்” என்றாள்.

கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வெளியே தென்னை ஓலை உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேச ஆரம்பித்தாள்.